காவேரிப்பட்டணம் குடோனில் ஒரு எஸ்.இ.5ஏ: 1917-ன் இரட்டை இறக்கைப் போர் விமானம், முழு அளவில்

காவேரிப்பட்டணத்தான்

வணக்கம். இந்தத் தளத்தில் படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. வீட்டுக்குப் பின்னால் எங்கள் பழைய மாங்காய் குடோன் சும்மா கிடந்தது. அதில் ஒரு விமானம் செய்துகொண்டிருக்கிறேன். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை ஓட்டிய எஸ்.இ.5ஏ. ஒற்றை ஆள் உட்காரும் சண்டை விமானம். மேல் இறக்கை முனைக்கு முனை 26 அடி 7 அங்குலம், நீளம் 20 அடி 11 அங்குலம், உயரம் 9 அடி 6 அங்குலம். அந்த அளவிலேயே, ஒரு அங்குலம் குறைக்காமல் செய்கிறேன்.

இது பறக்காது. பறக்க வைக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் துணிக்குள்ளே இருக்கும் கூடு அன்றைக்குச் செய்த மாதிரியே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். உடம்பு என்பது நான்கு நீளக் கட்டை, நடுவில் குறுக்குக் கட்டை, ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை கம்பி. கம்பியை எடுத்துவிட்டால் மொத்தமும் சாய்ந்துவிடும். முறுக்கிக் கட்டினால் ஆள் ஏறி நிற்கலாம். நான் ஐ.டி.ஐ.-யில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறவன். இழுவிசை, அமுக்குவிசை என்று கரும்பலகையில் எழுதிப் போடுவதைப் பையன்கள் விரலால் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியவில்லை.

உடம்புக் கூடு நிற்கிறது. அடுத்தது இறக்கை. மரம், பசை, துணி மூன்றுக்கும் யோசனை வேண்டும். இந்தப் பக்கத்தில் கிடைப்பதை வைத்துச் சொல்லுங்கள்.

ஓசூர் லேத்

அண்ணா, முதல்ல வாழ்த்து. ஆனா ஒரு கேள்வி. பறக்கப் போறதில்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் எதுக்கு மரம்? முக்கால் இன்ச் எம்.எஸ். ஸ்கொயர் பைப் வாங்கி வெல்டிங் அடிச்சா கூடு சீக்கிரம் முடிஞ்சுடும். மேல துணியோ ஷீட்டோ போட்டு பெயின்ட் அடிச்சா பார்க்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. கரையான் வராது. மழையில வச்சாலும் நிக்கும். காலேஜ் வாசல்ல நிறுத்தலாம். மரத்துல செஞ்சா வெளியவே வைக்க முடியாதே.

காவேரிப்பட்டணத்தான்

நீங்கள் சொல்வது வாசலில் நிறுத்துகிற பொம்மைக்குச் சரி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பைப்பில் வெல்டிங் அடித்த கூட்டில் கம்பிக்கு வேலையே இல்லை. வெறும் அலங்காரமாகத் தொங்கும். அந்தக் கம்பி எதற்கு என்று என் மாணவன் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? இரட்டை இறக்கை விமானத்தை ஏன் அப்படிக் கட்டினார்கள் என்பதற்கான விடையே அந்தக் கம்பிதான். அன்றைக்கு இருந்த மெல்லிய இறக்கைக்குள் ஒற்றை இறக்கையைத் தாங்கும் அளவுக்குத் தடிமனான உத்தரம் வைக்க இடமில்லை. அதனால் இரண்டு இறக்கையை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, நடுவில் தூணும் கம்பியும் கொடுத்து, மொத்தத்தையும் ஒரு பாலம் மாதிரி ஆக்கினார்கள். அந்தப் பாலத்தைக் காட்டாமல் விமானத்தை மட்டும் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், பர்கூர்

விமானப்படையில் ஏர்ஃப்ரேம், அதாவது விமானத்தின் உடற்கூட்டைப் பார்க்கிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பயிற்சி தாம்பரத்தில். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஓசூர் தம்பிக்கு: பைப்பில்தான் செய்ய வேண்டும் என்றால் அதற்கும் நேர்மையான வழி உண்டு. டைகர் மாத் என்கிற இரட்டை இறக்கைப் பயிற்சி விமானத்தைச் செய்யலாம். அதன் உடம்பு அசலிலேயே ஸ்டீல் டியூப்தான், இறக்கை மட்டும் மரம். 1931-ல் முதலில் பறந்தது. நம் விமானப்படையில் தலைமுறை தலைமுறையாக விமானிகள் அதில்தான் முதலில் பறக்கக் கற்றார்கள். பிறகு பெங்களூர் எச்.ஏ.எல். செய்த எச்.டி.2 வந்து அதன் இடத்தைப் பிடித்தது. பைப் வெல்டிங் தெரிந்த கைக்கு அது பொருத்தமான விமானம். எஸ்.இ.5ஏ-வைப் பைப்பில் செய்வது பொருந்தாது.

காவேரிப்பட்டணம் சாருக்கு: பறக்காது என்று முதல் பதிவிலேயே எழுதியது நல்லது. அதை விமானத்தின் மேலும் எழுதுங்கள். ஏனென்றால் நீங்கள் சொல்கிற மாதிரி கட்டினால் அது பார்வைக்கு மட்டும் இல்லை, கட்டுமானத்திலும் நிஜ விமானம் மாதிரியே இருக்கும். நாளைக்கு அது யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. இறக்கை உத்தரத்தில், துணி போடுவதற்கு முன்னால், ‘காட்சிக்கு மட்டும், பறக்கத் தகாதது’ என்று சூட்டுக்கோலால் பொறித்துவிடுங்கள். பெயின்ட் வேண்டாம், அழித்துவிடுவார்கள்.

ரெண்டாம் வருஷம் ஏரோ

சார், நான் ஏரோநாட்டிக்கல் படிக்கிறேன், சொந்த ஊர் பாலக்கோடு. வெளிநாட்டில் இதே விமானத்தை 85 சதவீத அளவில் வீட்டில் செய்து நிஜமாகவே ஓட்டுகிறார்கள். அதற்கு வரைபடமே விற்கிறார்கள். 85, 100 குதிரைத்திறன் எஞ்சின் போதுமாம். நாம் ஏன் ஒரு கார் எஞ்சினை வைத்து முயற்சி செய்யக் கூடாது? ஓசூர் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் ஓடுதளமே இருக்கிறதே.

ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், பர்கூர்

தம்பி, ஆசை நல்லது. படிக்கிற பிள்ளைக்கு அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் இதை நிதானமாகப் படி.

எஸ்.இ.5ஏ-வுக்கு முன்னோடியான எஸ்.இ.5 முதலில் பறந்தது 1916 நவம்பர் 22. ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமானத் தொழிற்சாலை செய்தது. வடிவமைத்தவர்களில் ஒருவர் மேஜர் ஃபிராங்க் குட்டன். அவர்தான் சோதனை விமானியும். 1917 ஜனவரி 28-ல் இரண்டாவது மாதிரி விமானத்தை எடுத்துக்கொண்டு போனார். ஆகாயத்திலேயே இறக்கை முறிந்து இறந்துபோனார். விசாரித்துப் பார்த்ததில், இறக்கைக்குள் அமுக்குவிசையைத் தாங்கும் விலா எலும்புகள் (துணிக்கு உள்ளே வரிசையாக நிற்கும் மரச் சட்டங்கள்) முறுக்கத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை என்று தெரிந்தது. அந்த விலாவுக்கு பிளைவுட் தகடு வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த விமானங்களில் எல்லாம் அது இருந்தது. பெரிய தொழிற்சாலை, முதல்தர மரம், வடிவமைத்தவரே ஓட்டுகிறார், அப்படியும் ஒரு பிளைவுட் தகடு இல்லாததால் ஒரு உயிர் போனது.

இந்தியாவில் எதைப் பறக்க விடுவதானாலும் டி.ஜி.சி.ஏ. என்கிற விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவும் அனுமதியும் வேண்டும். மும்பை விமானி அமோல் யாதவ் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். 2016-ல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் வைத்தார். பதிவு கிடைத்தது 2017-ல். அவர் தொழில்முறை விமானி. அவருக்கே அவ்வளவு அலைச்சல். நீ முதலில் படிப்பை முடி. ஞாயிற்றுக்கிழமை குடோனுக்குப் போய் சாருக்குக் கம்பி பிடித்துக் கொடு. வகுப்பில் வராத பாடம் அங்கே வரும்.

ஊத்தங்கரை தச்சர்

மரம் பத்திக் கேட்டீங்க. அசல்ல போட்டது ஸ்ப்ரூஸ். அது இங்க கிடைக்காது, தருவிச்சா கட்டுப்படி ஆகாது. காட்சிக்குத்தானே, பைன் போதும். ஓசூர் சிப்காட் பக்கம் வெளிநாட்டு மெஷின் இறங்குற பெட்டி மரம் பழைய மரக்கடையில வருது. நல்ல நீளம், வெட்டும் நேர். வாங்கும்போது மரத்துல குத்தியிருக்கிற முத்திரையைப் பாருங்க. எச்.டி.ன்னு இருந்தா சூடு காட்டின மரம், வாங்கலாம். எம்.பி.ன்னு இருந்தா மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அதைத் தொடாதீங்க. இழைக்கிற தூள் மூக்குல போகும்.

உத்தரக் கட்டைக்கு ரேகை, அதாவது மரத்தோட நார் ஓடுற திசை, முக்கியம். கட்டையோட ஓரத்துக்கு ரேகை எவ்வளவு சாயுதுன்னு பாக்கணும். விமானத்து மரத்துக்கு 15 அங்குலம் போனா ஒரு அங்குலத்துக்கு மேல சாயக்கூடாதுன்னு கணக்கு. கண்ணுக்குத் தெரியலைன்னா பேனா மையை ஒரு சொட்டு வைங்க. மை ரேகை வழியாத்தான் ஓடும். காட்சிக்குச் செய்யறதா இருந்தாலும் இதை விடாதீங்க. ரேகை கோணலா இருந்தா நம்ம ஊர் சித்திரை வெயில்ல கட்டை முறுக்கிக்கும். அப்புறம் எத்தனை கம்பி இழுத்தாலும் இறக்கை நேரா நிக்காது.

பசைக்கு ஃபெவிகால் வேண்டாம் சார். சுமை விடாம இருந்தா வெயில்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். எபாக்ஸி போடுங்க. இறக்கை முனை வளைவுக்கு ஒரே கட்டையை வளைக்காதீங்க. மெல்லிசா சீவின பட்டையா அஞ்சாறு எடுத்து, பசை தடவி, அச்சுல வச்சு இறுக்கிடுங்க. நான் வேணும்னா வந்து அச்சு போட்டுத் தர்றேன்.

காவேரிப்பட்டணத்தான்

ஐயா, அந்த மைச் சொட்டு சோதனையை இன்றைக்கே செய்து பார்த்தேன். ஒதுக்கி வைத்திருந்த இரண்டு கட்டையில் மை ஓரத்தைப் பார்த்து ஓடுகிறது. அவற்றை விலாவுக்கு மாற்றிவிட்டேன். அச்சுக்குக் கட்டாயம் வாருங்கள். வண்டிச் செலவு, சாப்பாடு என் பொறுப்பு.

நெடுஞ்சாலைக் காற்று

நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. எதற்காக வெள்ளைக்காரன் போர் விமானம்? பாராமகாலை, அதாவது நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்தை, மைசூரிடமிருந்து பிடுங்கியவர்கள் அவர்கள். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் இன்றைக்கும் அந்தப் போரின் தழும்பு இருக்கிறது. நம் விமானப்படையின் முதல் விமானம் வாப்பிடி. அதுவும் இரட்டை இறக்கைதான். அதைச் செய்யலாமே.

அரூர் வரலாறு

கேள்வி நியாயமானது. விமானப்படை 1932 அக்டோபர் 8-ல் சட்டப்படி தொடங்கியது. 1933 ஏப்ரல் 1-ல் கராச்சியில் முதல் படைப்பிரிவு நான்கு வாப்பிடியோடு ஆரம்பித்தது. டெல்லியில் பாலம் என்கிற இடத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று இன்னும் இருக்கிறது. ஆனால் அதன் இறக்கை 46 அடிக்கு மேல். அதைக் கட்டக் குடோன் போதாது, கல்யாண மண்டபம் வேண்டும்.

எஸ்.இ.5ஏ-வுக்கும் நமக்கும் தொடர்பு இருக்கிறது. இந்திரலால் ராய். 1898-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1917-ல் ராயல் ஃப்ளையிங் கோர் என்கிற பிரிட்டிஷ் ராணுவ விமானப் பிரிவில் சேர்ந்தார். அந்த வருடக் கடைசியில் விபத்தில் சிக்கி, பிறகு பறக்கத் தகுதி இல்லை என்று ஒதுக்கி வைத்தார்கள். விடாமல் கேட்டுத் திரும்பப் போனார். 40-வது படைப்பிரிவில், இதே எஸ்.இ.5ஏ-வில், 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் பத்து எதிரி விமானங்களை வீழ்த்தினார். ஜூலை 22-ல் பிரான்ஸ் வானத்தில் சண்டையில் இறந்தார். அப்போது வயது 19. இறந்த பிறகுதான் பதக்கம் வந்தது. 1998-ல் நம் அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை போட்டது.

ஒரு பத்தொன்பது வயதுப் பையன் உட்கார்ந்த இடம் எவ்வளவு குறுகலாக, எவ்வளவு மெல்லிய துணிக்குப் பின்னால் இருந்தது என்று அதே வயதுப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து பார்க்கட்டும். இதைச் செய்ய எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

காவேரிப்பட்டணத்தான்

அரூர் சார், நன்றி. என் பக்கத்துக் காரணம் ஒன்றையும் சேர்க்கிறேன். 1910-ல் சென்னையில் தெ ஆஞ்செலிஸ் என்கிற ஓட்டல்காரர் சொந்தமாக விமானம் கட்டிப் பறந்து காட்டினார். கட்டிக் கொடுத்தது சிம்சன் கம்பெனி. குதிரை வண்டியும் கோச்சும் கட்டிக்கொண்டிருந்தவர்கள். வண்டி கட்டுகிற கை விமானம் கட்டியது. ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருடம்கூட ஆகவில்லை. ஊத்தங்கரை ஐயா அச்சு போட வருகிறேன் என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு சிம்சன் பட்டறைதான் ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டில் மரவேலைக்காரர்கள் விமானத்தில் கை வைப்பது புதுசு இல்லை.

தையல்மிஷின், தர்மபுரி

சார், துணி பத்தி யாரும் சொல்லலை, நான் சொல்றேன். அசல்ல லினன் போட்டாங்கன்னு படிச்சேன். அந்த விலைக்கு வேண்டாம். ஈரோட்டுக் காடாத் துணி, நெருக்கமா நெய்தது வாங்குங்க. காடாவுல பாவுக் கஞ்சி இருக்கும். அது இருந்தா, துணியை இறுக்க மேல அடிக்கிற லாக்கர் நூலுக்குள்ள இறங்காம மேலாகவே நிக்கும். ரெண்டு சின்னச் சட்டம் செஞ்சு, ஒண்ணுல அலசின துணி, ஒண்ணுல அலசாதது போட்டு, ரெண்டுக்கும் லாக்கர் அடிச்சு, காஞ்ச பிறகு தட்டிப் பாருங்க. முழு இறக்கைக்குப் போடறதுக்கு முன்னாடி இது அவசியம்.

விலாவோட துணியைச் சேர்த்துத் தைக்கிறதுக்குச் சாதா ஊசி பத்தாது. நாலு அங்குலத் தடிமனைத் தாண்டி மேலேருந்து கீழே வரணும். கோணி ஊசி நீளமானதா வேணும். நூலுக்குத் தேன்மெழுகு தடவுங்க. ஒவ்வொரு தையலையும் தனி முடிச்சாப் போடுங்க, அப்பதான் ஒண்ணு அறுந்தாலும் பக்கத்துல இருக்கிறது அவிழாது. தைச்ச வரி மேல ஓரம் பல்லுப்பல்லா வெட்டின நாடா ஒட்டணும். பல் வெட்டுற கத்திரி எங்கிட்ட இருக்கு, தர்றேன்.

ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், பர்கூர்

அம்மா சொன்னது அத்தனையும் சரி. அந்தத் தையல் வெறும் அழகுக்கு இல்லை. பறக்கும்போது மேல்பக்கத் துணியைக் காற்று மேலே உறிஞ்சும். தைக்கவில்லை என்றால் விலாவை விட்டு உரிந்துபோகும்.

லாக்கரில் மட்டும் எச்சரிக்கை. மரச்சாமான் பாலிஷுக்கு விற்கிற என்.சி. லாக்கரும் அன்றைக்கு விமானத் துணிக்கு அடித்த நைட்ரேட் டோப்பும் ஒரே குடும்பம். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் போட்டு எடுப்பதிலிருந்து வருகிற சரக்கு. துணியை நன்றாகச் சுருக்கி இழுக்கும், ஆனால் தீப்பொறி பட்டால் குபீரென்று பிடிக்கும். குடோன் இரண்டு பக்கக் கதவும் திறந்திருக்கட்டும். அந்த நாளில் உள்ளே வெல்டிங், கிரைண்டர் எதுவும் ஓடக்கூடாது. தின்னர் தோய்த்த துணியை வெளியே விரித்துக் காயவிட்டுப் பிறகு குப்பையில் போடுங்கள்.

நிறம்: மேல்பக்கத்துக்கும் உடம்பின் இரு பக்கத்துக்கும் அடித்த பழுப்புப் பச்சைக்கு பி.சி.10 என்று பெயர். இரும்பு ஆக்சைடு காவியும் விளக்குக்கரியும் கலந்த சாயம். வெயில் லினனை அரிக்காமல் இருப்பதற்காக வந்தது. இறக்கையின் அடிப்பக்கம் சாயம் இல்லாமல் துணி நிறத்திலேயே விடுவார்கள். நீங்களும் அப்படியே விடுங்கள். 

ஓசூர் லேத்

எல்லாம் படிச்சேன். மரம்னே இருக்கட்டும் அண்ணா, நான் கட்சி மாறிட்டேன். கம்பி முறுக்குற டர்ன்பக்கிள் எத்தனை வேணும், என்ன சைஸ்? கடையில விக்கிறது பந்தலுக்குத்தான் ஆகும், பார்க்க நல்லா இருக்காது. பித்தளைக் கம்பியில பீப்பாய் உருட்டித் தர்றேன். ஒரு பக்கம் வலதுமரை, ஒரு பக்கம் இடதுமரை. ஃபிட்டிங் தகடும் வெட்டித் தர்றேன். டிராயிங் அனுப்புங்க.

ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், பர்கூர்

பீப்பாய்க்கு நடுவில் ஒரு துளை போட்டுக் கொடு தம்பி, பூட்டுக்கம்பி போட. முறுக்கி முடித்த பிறகு மூன்று மரைக்கு மேல் வெளியே தெரியக்கூடாது. அதற்குத் தகுந்தபடி நீளம் கணக்குப் போடு.

சார், இறக்கை கட்டும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் எல்லோரும் அவசரப்படுவார்கள். முதலில் உடம்பை இரண்டு குதிரைக் கட்டையில் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் மட்டம் பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கிற டியூப் லெவலே போதும். ஒவ்வொரு கட்டத்திலும் மூலைவிட்டம் இரண்டையும் ஒரு குச்சியால் அளந்து சமமாக்குங்கள். டேப் வேண்டாம், தொய்வு வந்துவிடும். பிறகு மேல் இறக்கையின் நடுப்பகுதி. அதற்குப் பிறகுதான் வெளி இறக்கை.

மேலே நடுவிலிருந்து கீழே வெளிப்பக்கம் வருகிற கம்பி தரையில் நிற்கும்போது இறக்கையைத் தாங்கும். கீழே உடம்பிலிருந்து மேலே வெளிப்பக்கம் போகிற கம்பி பறக்கும்போது தாங்கும். தரைக் கம்பியை முறுக்கி இறக்கையை மேல்நோக்கி 5 டிகிரி சாய்வுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மேல் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விடுங்கள். நூலுக்கும் கீழ் இறக்கையின் முன்விளிம்புக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாம் சரியான பிறகே பறக்கும் கம்பியை இறுக்குங்கள். கயிற்றுக் கட்டில் பின்னுகிறவர் கடைசி முறுக்கை நிதானமாகப் போடுவார் இல்லையா, அந்த நிதானம் வேண்டும். அதிகம் முறுக்கினால் தூண் வில்லாக வளையும். தூணின் ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று. அசல் எஞ்சின் தண்ணீரில் குளிரும் எட்டு சிலிண்டர், 200 கிலோவுக்கு மேல். நீங்கள் மர எஞ்சின் வைத்தால் மூக்கு லேசாகி எல்லா எடையும் வாலுக்குப் போகும். எஞ்சின் இருக்கும் இடத்தில் இரும்புக் கட்டி வையுங்கள்.

நெடுஞ்சாலைக் காற்று

அரூர் சார் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். என் கருத்து முழுக்க மாறவில்லை. பக்கத்தில் ஒரு பலகை வைத்து ராயின் பெயரையும், அவர் யாருக்காகச் சண்டை போட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுவீர்கள் என்றால் என் கையும் உங்களோடு உண்டு. என்னிடம் 14 அடி ஐச்சர் வண்டி இருக்கிறது. இறக்கையை எங்கே கொண்டுபோக வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்

பலகை கட்டாயம் உண்டு. வாசகத்தை நீங்களும் அரூர் சாரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். வெளி இறக்கை ஒவ்வொன்றும் சுமார் 12 அடி நீளம், 5 அடி அகலம், உங்கள் வண்டியில் நிமிர்த்திக் கட்டினால் போய்விடும். சக்கரத்துக்குப் பழைய புல்லட்டின் 19 அங்குல ரிம் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன், கம்பிகளுக்கு மேல் துணி மூடிவிட்டால் அசலுக்குப் பக்கத்தில் வரும்.

ஓசூர் தம்பி, டிராயிங் இன்றைக்கு ராத்திரி அனுப்புகிறேன். தகடு 2 மில்லி போதும். அக்கா, இரண்டு சட்டமும் தயார், சனிக்கிழமை லாக்கர் அடிக்கிறேன். ஊத்தங்கரை ஐயா ஞாயிறு காலை வருகிறார், முனை வளைவுக்கு அச்சு போடுகிறோம். பாலக்கோட்டுத் தம்பி, நீயும் வா, டியூப் லெவலின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி போன் பண்ணு, ஆள் அனுப்புகிறேன். வருகிற எல்லோரும் பீடி, சிகரெட்டைத் தெருவிலேயே முடித்துவிட்டு உள்ளே வாருங்கள்.